வேகம் என்று விற்கிறார்கள், உஷார்!

மாலையில் கடற்கரை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர், ஓய்வூதிய நிலுவை கைக்கு வந்ததும் ஏதோ புதுக் கிரிப்டோ நாணயம் வாங்கப் போகிறாராம். "பிட்காயின் பழசு சார், ஆமை! இது வினாடிக்கு ஆயிரக்கணக்கில் முடிக்கும்" என்றார். யாரோ ஏஜெண்டு சொல்லிக்கொடுத்த பாடம். அரை உண்மை. அரை உண்மைதான் ஆளைக் கவிழ்க்கும்.

பிட்காயின் மெதுவானது என்பது மெய்தான். வினாடிக்கு ஏறக்குறைய 7 பரிமாற்றம். அவற்றை 'பிளாக்' என்று ஒரு கட்டாகச் சேர்த்துப் பதிவது சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை. ஆனால் இயந்திரம் பழசானதால் அல்ல, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

நம் புதுச்சேரியில் முன்பெல்லாம் பத்திரம் என்றால் நொத்தேரிடம் போவோம். பதிவேடு அவரிடம், நம்பிக்கையும் அவர்மேல். பிட்காயினில் நொத்தேர் கிடையாது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒவ்வொன்றும் எல்லா வரியையும் தானே சரிபார்த்து, தன்னோடு இணைந்த சில கணினிகளுக்குச் சொல்கிறது. அவை அடுத்தவற்றுக்குச் சொல்லும். ஊர்ச்சேதி வாய்வழி பரவுகிற மாதிரி. 2013-ல் டெக்கர், வாட்டன்ஹோஃபர் என்ற ஆய்வாளர்கள் அளந்தார்கள்: ஒரு கட்டு பாதிக் கணினிகளை எட்ட 6.5 வினாடி. 40 வினாடி கழித்தும் 5 சதவீதத்துக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு சுருக்கி அனுப்பும் முறை வந்து இது குறைந்தது, ஆனால் சிக்கல் தீரவில்லை.

அவசரப்பட்டுக் கட்டுகளை வெளியிட்டால், ஒன்று பரவும் முன்பே வேறொருவர் இன்னொன்றைப் போட்டுவிடுவார். இரண்டில் எது செல்லும்? சரி, கட்டைப் பெரிதாக்கலாமா? சாமானியன் கணினி தாங்காது, பதிவேடு பெரிய கைகளுக்குப் போய்விடும். இந்தச் சண்டையில்தான் 2017 ஆகஸ்டில் பிட்காயின் கேஷ் பிரிந்து போனது.

குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது புரியும். மேசைகளைக் குறைத்தால் கோப்பு பறக்கும், ஆனால் சரிபார்க்கும் கண்களும் குறையும். வேகத்துக்குப் பேர்போன சொலானா, 2021 செப்டம்பரில் சுமை தாங்காமல் சுமார் 17 மணி நேரம் நின்றுபோனது.

பிட்காயினுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதில் என் காசு ஒரு சல்லியும் இல்லை. வெறும் வேகம்தான் வேண்டுமென்றால் கைபேசியில் யுபிஐ இருக்கிறதே! தவறு நடந்தால் கேட்க ஒரு வங்கியும் இருக்கிறது.

ஆகவே நண்பரே, வேகம் என்று விற்க வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பதிவேடு யார் கையில்?" நேரான பதில் வராவிட்டால், ஓய்வூதியப் பணம் அஞ்சலகத்திலேயே மெதுவாக வளரட்டும்.