ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே ஒரு திருட்டு

விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) திரைப்படத்தைப் பற்றிப் பேசாத சிற்றிதழ் நம்மிடையே அரிது. போருக்குப் பிந்தைய ரோம் நகரில் மிதிவண்டி வைத்திருப்பவனுக்கே சுவரொட்டி ஒட்டும் வேலை. அடகிலிருக்கும் வண்டியை மீட்க வீட்டுப் படுக்கை விரிப்புகள் அடகுக்குப் போகின்றன. வேலைக்குப் போன முதல் நாளே வண்டி களவாடப்படுகிறது. காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொள்கிறார்கள்; தேடும் பொறுப்போ அவன் தலையிலேயே விழுகிறது. அந்தக் காட்சியில் கண் கலங்கும் நாம், நம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் தொலையும் மிதிவண்டியை ஒரு செய்தியாகக்கூட மதிப்பதில்லை.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே கிடக்கும் இலஞ்சி போன்ற ஊர்களில் மிதிவண்டி இன்றும் அவசியப் பொருளே. அரசு 2001ஆம் ஆண்டு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கிற்று. பின்னர் அத்திட்டம் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவடைந்தது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதைப் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். ஒரு பெண் தான் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போகலாம் என்பதே அங்கு நிகழ்ந்த மாற்றம். ஆகவே ஒரு மாணவியின் வண்டி தொலையும்போது இரும்பும் ரப்பரும் மட்டும் தொலைவதில்லை. மாலை வகுப்பு நின்றுபோகிறது. 'இனி தனியே போக வேண்டாம்' என்ற பழைய சொல் வீட்டுக்குள் திரும்பி வருகிறது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவின்படி, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளை முதன்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையே தண்டனை. வறுமையால் திருடியவனைச் சிறைக்கு அனுப்பாத இந்தக் கருணையை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதனுடன் இன்னொன்றும் சேர்ந்து வந்திருக்கிறது. இத்தகைய சிறு திருட்டு, நீதித்துறை நடுவரின் ஆணையின்றிக் காவலர் புலனாய்வு செய்ய இயலாத குற்றமாகிவிட்டது. பழகிய பள்ளி மிதிவண்டி ஐயாயிரத்தைத் தொடுவது அரிது. திருடனுக்குக் காட்டிய இரக்கத்தின் விலையைப் பறிகொடுத்தவர் தருவதா என்பதே நம் கேள்வி.

எனவே காவல் நம் கையிலேயே தொடங்க வேண்டியிருக்கிறது. வண்டியோடு வரும் பின்சக்கரப் பூட்டு சக்கரத்தை உருளவிடாது, அவ்வளவே. தூக்கிக்கொண்டு போகிறவனை அது தடுக்காது. சங்கிலி ஒன்றைச் சட்டத்துக்குள்ளும் சக்கரத்துக்குள்ளும் நுழைத்து, மண்ணில் ஊன்றிய கம்பத்தோடு பிணைப்பதே பாதுகாப்பு. ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் நிறுத்துவது அதற்கு அடுத்தது. அரசு தந்த வண்டிகளோ ஒரே அச்சில் வார்த்தவை. நூறு வண்டிகளுக்கு நடுவே தன்னுடையது எது என்று சொல்வதே கடினம். சட்டத்தில் பொறித்திருக்கும் எண் ஒன்றே மாறாத சாட்சி. மட்கார்டில் எழுதிய பெயரைச் சுரண்டிவிடலாம், இந்த எண்ணை அழிப்பது அத்தனை எளிதன்று. அதைக் குறித்து வைத்திருப்போர் எத்தனை பேர்?

ஜப்பானில் 1994 முதல் மிதிவண்டியைத் திருட்டுத் தடுப்புப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். நம் உள்ளாட்சிகளும் ஒரு காலத்தில் மிதிவண்டிக்கு வரி வாங்கி வில்லை கொடுத்தவைதாம். அந்த வரி மீண்டும் வர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வண்டி வழங்கும் நாளிலேயே பள்ளி அதன் எண்ணை மாணவர் பெயரோடு பதிந்து, ஒரு படியை வீட்டுக்குத் தரலாம். பேருந்து நிறுத்தத்தில் சங்கிலி கோக்க நான்கு இரும்புக் குழாய்களை ஊராட்சி நட்டு வைக்கலாம். 'சைக்கிள் ஸ்டாண்டு' என்ற பெயர்ப்பலகையின் கீழ் இன்று மோட்டார் வண்டிகளே நிற்கின்றன. குற்றாலத்தில் சாரல் காலம் வந்துவிட்டால் வெளியூர்க் கார்களுக்கு இடம் தேடுவதே பெரும்பாடு. அந்த நெரிசலில் உள்ளூர்ப் பிள்ளையின் மிதிவண்டிக்கும் இரண்டடி இடம் ஒதுக்குவது சலுகையாகாது. கொடுத்த பொருளைக் காப்பதும் கொடையில் சேர்ந்ததே என்பது நம் கருத்து.