முத்திரையைப் பார்த்தீங்களா?

குட்டீஸ், ராயபுரம் தபால் நிலையத்தில் போட்ட கடிதத்தில் 'அனுப்புநர், டில்லி' என்று எழுதியிருந்தால் நம்புவீர்களா? முத்திரை காட்டிக் கொடுத்துவிடுமே!

மின்னஞ்சலிலும் அப்படித்தான். 1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க '@' குறியைப் பயன்படுத்தினார். அதற்குப் பின்னால் வருவதுதான் அனுப்பிய இடம். 'ஜிமெயில்.காம்' என்றால் கூகுள். அந்த முகவரியை யாரும் இலவசமாகப் பெறலாம். சென்னைத் துறைமுகத்தின் இணைய முகவரியோ 'கவ்.இன்' என்று முடியும்.

"துறைமுகத்தில் வேலை ரெடி, பணம் கட்டு" என்று உங்கள் அண்ணனுக்கு ஜிமெயிலில் கடிதம் வந்தால்? அம்மா நகையை அடகு வைப்பதற்குள் @-க்குப் பின்னால் பாருங்கள்!

முகவரியையே பொய்யாகப் போடும் கில்லாடிகளும் உண்டு. ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்தினால், கடிதம் கடந்து வந்த சர்வர்களின் முத்திரை தெரியும். 'எஸ்.பி.எஃப்.' எதிரே 'பாஸ்' இல்லையா? உஷார்! 'பாஸ்' இருந்தாலும், அனுப்பியவர் நல்லவர் என்று அர்த்தமில்லை.

கணினி வகுப்பில் படம் வரையச் சொல்லித் தருகிறார்கள். இதையும் அவசியம் சொல்லித் தரவேண்டும் என்பேன். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் பல வீடுகளில் கம்ப்யூட்டர் தெரிந்த பெரிய மனுஷர் நீங்கள்தானே! பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யச் சொல்லுங்கள். போகாமல் காப்பது உங்கள் சமர்த்து!