வீட்டிலிருந்தே வேலை: கம்ப்யூட்டர் மட்டும் போதுமா?

ஒரு கம்ப்யூட்டர், பிராட்பேண்ட் இணைப்பு, ஹெட்போன். இவை மூன்றும் இருந்தால் வீடே ஆபீஸ் ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது பல நிறுவனங்கள் இவற்றை நம்பித்தான் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பின. ஊரடங்கு முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் முழுவதும் போய்விடவில்லை. "வீட்டிலிருந்தால் நிம்மதி" என்கிறார்கள் ஊழியர்கள். "யார் ஒழுங்காக வேலை பார்ப்பார்கள்?" என்று கேட்கிறார்கள் மேலாளர்கள். இரண்டுமே பாதி உண்மைதான்.

சீனாவின் ஷாங்காய் நகரில் உள்ள சிட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனம் 2010ல் ஒரு சோதனையைத் தொடங்கியது. விருப்பம் தெரிவித்து, தகுதியும் பெற்ற கால் சென்டர் ஊழியர்கள் 249 பேரைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று பார்த்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரத்தில் 4 நாள் வீட்டில் வேலை. 9 மாதம் கழித்து ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் கணக்குப் பார்த்தபோது, வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. இடைவேளையும் விடுப்பும் குறைந்ததே முக்கியக் காரணம். வேலையை விட்டுப் போவதும் பாதியாகக் குறைந்தது.

ஆனால் பிறகு விருப்பம்போல் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வீட்டில் இருந்த பலர் ஆபீசுக்கே திரும்பினார்கள். தனிமை அவர்களை வாட்டியது. தவிர, அதே அளவு வேலை செய்தும் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது.

நம் சென்னையில் நடந்த சோதனை வேறு கதை சொல்கிறது. டேட்டா என்ட்ரி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் வீட்டுக்கும் ஆபீசுக்குமாகப் பிரித்தார்கள். டேவிட் ஆட்கின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2023ல் வெளியிட்ட முடிவின்படி, வீட்டில் இருந்தவர்களின் வேலை 18 சதவீதம் குறைவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்தது. மீதி, ஆபீசில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. வீட்டு வேலையை விரும்பிக் கேட்டவர்களுக்குத்தான் வீட்டில் வேலை அதிகமாகக் குறைந்தது. குழந்தைகளையும் பெரியவர்களையும் கவனிக்கும் பொறுப்பு உள்ளவர்களிடம் இது நன்றாகத் தெரிந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? ஷாங்காயில் தேர்வானவர்கள் அனுபவம் உள்ளவர்கள். தனி அறை இருக்க வேண்டும் என்பதும் அங்கே ஒரு நிபந்தனை. சென்னையில் இருந்தவர்கள் புதியவர்கள். ஆக, முடிவு செய்வது கம்ப்யூட்டர் அல்ல. இடமும் அனுபவமும் வீட்டாரின் ஒத்துழைப்பும்தான். "வீட்டில்தானே இருக்கிறாய், கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வை" என்று சொல்லும் வீட்டில் எவ்வளவு வேகமான பிராசசர் இருந்து என்ன பயன்? இந்தச் சுமை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது.

எனவே முழுவதும் வீடு அல்லது முழுவதும் ஆபீஸ் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. டிரிப்.காம் என்று பெயர் மாறிய அதே சீன நிறுவனம் 2021-22ல் 1,600க்கும் மேற்பட்டவர்களிடம் வாரம் 2 நாள் வீட்டு வேலை முறையைச் சோதித்தது. ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத் தரமோ பதவி உயர்வோ பாதிக்கப்படவில்லை.

வீட்டு வேலைக்காகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? அதை டிவி இருக்கும் ஹாலில் வைக்காதீர்கள். கதவைச் சாத்தக்கூடிய அறை இல்லையென்றால், ஒரு மூலையும் குறிப்பிட்ட நேரமுமாவது உங்களுடையது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். வேலை நேரம் முடிந்ததும் ஷட்டவுன் செய்துவிடுங்கள். புதிதாக வேலையில் சேர்ந்தவர் என்றால் முதல் சில மாதங்கள் ஆபீசுக்குப் போவதே நல்லது. பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதை எந்த சாஃப்ட்வேரும் முழுமையாகத் தந்துவிடாது.