பால் கக்கும் பிள்ளையும் பழி சுமக்கும் தாயும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைக் கூர்ந்து நோக்கியவர்கள். தவழ்தற்கு முயல்வதைச் செங்கீரை என்றனர். இருந்து கைகொட்டுவதைச் சப்பாணி என்றனர். தளர்நடையிட்டு வருவதை வருகை என்றனர். இவ்வாறு பத்துப் பருவங்களை வகுத்த அவர்கள், குடித்த பாலைத் தாயின் தோளிலே கக்குவதற்கென ஒரு பருவம் வகுத்தாரில்லை. பாட்டுடைத் தலைவனுக்கு அஃது அழகன்று எனக் கருதினர்போலும். ஆயின், உலகத்துத் தாய்மார் அனைவரும் அறிந்த பருவம் அதுவே. மற்றைப் பருவங்கள் கண்ணுக்கு இன்பம் பயப்பன. இப்பருவமோ தாயின் உறக்கத்தையும் ஊக்கத்தையும் உண்டு தீர்ப்பது.

குழந்தை பால் கக்குதல் இயற்கை. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்திலே ஒரு தசைவளையம் உண்டு. உண்டது மேலேறி வாராமற் காப்பது அதன் தொழில். பச்சிளங் குழந்தையிடத்து அக்காவலன் இன்னும் பயிற்சி பெறாதவன். வேளையல்லா வேளையிற் கதவைத் திறந்துவிடுவான். குழந்தையின் உணவோ முழுதும் நீர்மம். அது நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிப்பது. எனவே பால் எதுக்களித்து வருதல் வியப்பன்று. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிற் பாதிக்குமேல் நாளுக்கு ஒருமுறையேனும் கக்குகின்றன என மருத்துவர் கணக்கிட்டுள்ளனர். நான்காம் மாதமளவில் இது உச்சத்தை அடைகின்றது; குழந்தை எழுந்து உட்காரத் தொடங்கியதும் குறைகின்றது; ஓராண்டு நிறைந்து ஓரிரு மாதங்களில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் விட்டு நீங்குகின்றது.

புலவர் கணக்கும் இதனோடு பொருந்தி வருதல் காண்க. செங்கீரைக்கு ஐந்தாம் மாதமும், சப்பாணிக்கு ஒன்பதாம் மாதமும், வருகைக்குப் பதின்மூன்றாம் மாதமும் பொதுவாகச் சொல்லப்படுவன. அஃதாவது, செங்கீரையை ஒட்டி மிகும் துன்பம் சப்பாணியிலே தணிந்து, வருகையோடு விடைபெறுகின்றது. மருத்துவன் சொல்லும் ஆறுதலைப் புலவன் வேறு சொல்லால் முன்னரே சொல்லி வைத்தான் எனலாம்.

ஆயினும், எல்லாக் குழந்தைகளுக்கும் இஃது எளிதிற் கழிவதன்று. சில குழந்தைகளுக்கு எதுக்களிப்பு நோயாகவே முற்றிவிடுகின்றது. இரைப்பையின் புளிப்புநீர் மேலேறி உணவுக்குழாயை எரிக்கப் பிள்ளை முதுகை வில்லாக வளைத்து வீரிடுகின்றது. பசித்திருந்தும் முலையை வாயில் வைத்தவுடன் முகந்திருப்பி அழுகின்றது. நிறை ஏறாமல் நிற்கின்றது. மிகச் சில குழந்தைகள் கழுத்தை ஒருபுறம் முறுக்கி உடலை விறைக்கின்றன. காண்போர் வலிப்பென்று நடுங்குவர். இது வலிப்பன்று, எதுக்களிப்போடு சேர்ந்த ஒரு நிலை என்பது 1964ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏட்டில் எழுதப்பட்டது. அவ்வுண்மை நம் ஊர்த் திண்ணைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

திண்ணைக்கு வந்து சேர்ந்திருப்பது வேறொன்று. அது தாயின்மேற் சுமத்தும் பழி. "உன் பால் சரியில்லை", "நீ தின்றது ஒத்துக்கொள்ளவில்லை", "தலைமுழுகியபின் பால் கொடுத்தாய்", "கண்ணூறு பட்டுவிட்டது" என்று ஆளுக்கொரு தீர்ப்பு. பட்சிதோஷம் என்பாரும் உளர். பறவையின் நிழல் வீழ்ந்தாற் பிள்ளை பால் கக்கும் என்பது அவர் கொள்கை. இஃது உண்மையாயின் முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள கொக்கிளாயிலே ஒரு பிள்ளையும் தேறியிராது. பெயரிலேயே கொக்கைத் தாங்கிய அவ்வூர்க் களப்பு 1951ஆம் ஆண்டு பறவைகளின் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்கே பறவையின் நிழல் படாத முற்றம் ஏது?

தாயின் உணவைப் பற்றிய சொல்லில் மட்டும் ஒரு சிறு உண்மை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. சில குழந்தைகளுக்குப் பசுப்பாலின் புரதம் ஒவ்வாது. தாய் உண்ணும் பசுப்பாலிலிருந்து அது தாய்ப்பாலிற் சிறிதளவு கலந்து குழந்தையை வருத்தக்கூடும். கடுமையாக வருந்தும் குழந்தையின் தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பசுப்பாலையும் அதனாலான உணவுகளையும் நீக்கிப் பார்க்குமாறு மருத்துவர் சொல்வதுண்டு. அது சோதனை, தண்டனையன்று. மீனை விடு, காய்கறியை விடு, வெறுஞ் சோறும் இரசமும் போதும் என்று பிள்ளை பெற்றவளைப் பட்டினியிடுதற்கு அதிலே இடமில்லை.

பழிக்குப்பின் மருந்து வரும். வசம்பைச் சுட்டு உரைத்து நாவிலே தடவுதல் பழைய வழக்கம். பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்கு ஒரு பெயரும் உண்டு. ஆயின் மிகுந்தால் வாந்தியை எழுப்புவதும் அதே வசம்புதான். கக்கும் பிள்ளைக்குக் கக்கச் செய்யும் வேரைக் கொடுத்தல் எவ்வளவு பொருத்தம் என்பதை வாசகர் நினைத்துப் பார்க்கட்டும். கிறைப் வாட்டரோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரிற் பிறந்தது. தொடக்கத்தில் அதிலே மதுசாரமும் கலந்திருந்தது. இன்று அது நீக்கப்பட்டிருப்பினும், எதுக்களிப்பை அது தீர்க்கும் என்பதற்குச் சான்றில்லை.

அடுத்து வருவது பால்மாப் பேணி. முலைப்பாலை நிறுத்திப் பேணிப் பாலுக்கு மாறினால் எல்லாம் சரியாகும் என்பது பலர் கூறும் ஆலோசனை. பழுதான ஆலோசனை அது. தாய்ப்பால் இரைப்பையை விட்டு விரைவிற் கடந்துபோவது; கக்குங் குழந்தைக்கும் அதுவே ஏற்றது. உலக சுகாதார நிறுவனம் 1981ஆம் ஆண்டு தாய்ப்பாலுக்குப் பதிலான பால்மாக்களின் விளம்பரத்துக்கு எல்லை வகுத்ததும் ஏழை நாடுகளின் குழந்தைகள் இப்பேணியால் இழந்தவற்றைக் கண்டே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது பால்மாவுக்காக வரிசையில் நின்ற கைகளை நாம் மறந்துவிடவில்லை. நன்னீருக்கும் விறகுக்கும் கணக்குப் பார்க்கும் கரையோர வீட்டிலே, புட்டியைக் கொதிக்கவைத்து அளவு தவறாது பால் கரைப்பது எத்துணை அரிது! வற்றிப்போன முலைப்பாலை மீட்பது அதனினும் அரிது.

கற்றவர் செய்யும் தவறு வேறு. அவர் நேரே மருந்துச்சாலைக்குச் சென்று அமிலத்தை அடக்கும் மருந்தைக் கேட்பர். இத்தகைய மருந்தொன்றை 162 குழந்தைகளிடம் ஆராய்ந்த முடிவு 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. பாதிப் பேருக்கு மருந்தும் மற்றைப் பாதிப் பேருக்கு மருந்துபோலத் தோன்றும் வெறும் பொருளும் கொடுக்கப்பட்டன. இரு சாராரிலும் நூற்றுக்கு 54 குழந்தைகள் தேறின. வேறுபாடு ஒன்றுமில்லை. மாறாக, மருந்து உண்ட குழந்தைகளிடையே நெஞ்சிற் சளித்தொற்று முதலான தீங்குகள் மிகுதியாயிருந்தன. உணவுக்குழாய் உண்மையிலே புண்பட்ட குழந்தைக்கு மருத்துவர் அளந்து கொடுக்கும் மருந்து வேண்டியதே, அதனை மறுப்பாரில்லை. கக்கும் பிள்ளைக்கெல்லாம் அது மருந்தாகாது என்பதே இங்குச் சொல்ல வந்தது.

அங்ஙனமாயின் எதுதான் மருந்து? எம் கருத்தை ஒளிக்காமற் சொல்வோம். கடும் எதுக்களிப்புள்ள பிள்ளைக்கு முதல் மருந்து இன்னொரு சோடிக் கை.

பிள்ளையைச் சிறிது சிறிதாக, பலமுறை, பாலூட்ட வேண்டும். இடையிடையே நிறுத்தி ஏப்பம் விடச்செய்ய வேண்டும். குடித்தபின் இருபது முப்பது நிமிடமேனும் தோளிலே நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். பால் குடித்த கையோடு ஏணையிலிட்டு ஆட்டுதல் ஆகாது. உறங்கும்போது சமதளத்தில் மல்லாத்தியே கிடத்த வேண்டும். கக்கினால் மூச்சடைக்குமென்று குப்புறக் கிடத்துதல் உயிருக்கே கேடாகலாம். வீட்டினுள் சுருட்டுப் புகையும் சிகரெட்டுப் புகையும் இருத்தலாகாது. இவையனைத்தும் காசில்லாதவை, ஆயினும் நேரத்தை விழுங்குபவை. ஒருமுறை பாலூட்டி, நிமிர்த்தி வைத்து, கக்கியதைத் துடைத்து, துணி மாற்றி, உறங்கச் செய்து முடிப்பதற்குள் மறுமுறைக்கு வேளை வந்துவிடும். நாளுக்கு எட்டு முறை, பத்து முறை இது நிகழ்கிறது. தனியொருத்தி இதனை எத்தனை மாதம் தாங்குவாள்?

இவ்விடத்திற் கொக்கிளாயை மீண்டும் நினைத்தல் வேண்டும். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு என நீருக்கு நடுவே வாழும் மீன்பிடி ஊர் அது. 1984 டிசெம்பரில் அவ்வூர் மக்களும் அயலூர்களாகிய கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்களும் தம் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். கால் நூற்றாண்டுக்குப் பின், 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபிறகே திரும்பினர். மீண்டும் வேலி அடைக்கலாம், வீடு கட்டலாம். ஆயின் ஒரு வேலிக்கு அப்பால் ஆச்சியும், மறு வேலிக்கு அப்பால் மாமியும், கூப்பிடு தூரத்திற் பெரியம்மாவும் இருந்த அந்தப் பழைய முற்றத்தை யார் கட்டித்தருவார்? பிள்ளையை வாங்கித் தோளிற் போட்டுக்கொண்டு, "நீ போய்ச் சற்றுக் கண்ணயர் பிள்ளை" என்று சொல்லும் குரல்கள் பல திசைகளிற் சிதறின. பல, முகாம்களிலும் போரிலும் அடங்கின. கணவனோ களப்பிலும் கடலிலும் இரவுத் தொழில் செய்பவன். பிள்ளை மிகுதியாகக் கக்கும் இரவிலே தாய் விளக்கோடு தனித்திருக்கிறாள். குழந்தை வைத்திய நிபுணரை நாடுவதாயின் நாயாற்றைக் கடந்து முல்லைத்தீவுப் பக்கம் போதல் வேண்டும்.

"எம் ஆச்சிமார் இவ்வளவு ஆரவாரமின்றிப் பத்துப் பிள்ளைகளை வளர்த்தார்களே" என்பாருக்கு ஒரு மறுமொழி உண்டு. 1946ஆம் ஆண்டு இந்நாட்டிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இன்று அத்தொகை பத்துக்கும் கீழே இறங்கியுள்ளது. பத்துப் பெற்ற ஆச்சி எத்தனையை வளர்த்தாள் என்பதையும் சேர்த்தே எண்ணுதல் தகும். அன்றியும், ஆச்சி தனியே வளர்க்கவில்லை, ஊரே வளர்த்தது. இழந்தது அவ்வூரையே.

இழந்ததில் ஒரு பகுதியையேனும் நாம் ஈடு செய்யலாம். இந்நாட்டின் பெருஞ் செல்வங்களுள் ஒன்று வீடுதேடி வரும் மருத்துவமாது. அவர் நிறுக்கும் நிறையும், பதிவேட்டில் வரையும் கோடுமே உண்மையான நீதிபதிகள். கோடு மேலேறுமாயின், பிள்ளை எவ்வளவு கக்கினாலும் அஞ்சவேண்டியதில்லை; தட்டையாயின், திண்ணைத் தீர்ப்பை விட்டு வைத்தியரிடம் செல்லவேண்டும். பிள்ளையின் நிறையைக் கேட்பவர் தாயின் மனத்தையும் கேட்டல் வேண்டும். 1987ஆம் ஆண்டு எடின்பரோவிலே தாய்மாரின் மனச்சோர்வை அறியப் பத்துக் கேள்விகள் வகுக்கப்பட்டன. அவை தமிழிலும் உண்டு. பல இரவு உறங்காத ஒருத்தி, "இப்பிள்ளையை என்னால் வளர்க்க முடியாது" என்று சொல்வாளாயின், அது கொடுமையன்று, நோயின் குரல். அவளை ஏசுதல், காய்ச்சலில் நடுங்குபவனை ஏன் நடுங்குகிறாய் என்று அதட்டுவது போலாகும்.

தந்தைக்கும் ஒரு சொல். தொழிலால் வந்து சேரும் விடியற்காலையில் இரண்டு மணி நேரம் பிள்ளையைத் தோளில் ஏற்பது ஆண்மைக்கு இழுக்கன்று. ஆசிரியர்க்கும் ஒரு சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த நாடு இது. பால் ஏன் மேலேறி வருகிறது, எப்போது நிற்கும் என்பதை நம் வகுப்பறைகள் தமிழிற் சொல்லிக்கொடுத்தால், நாளைய ஆண்களும் பெண்களும் திண்ணைப் பழிக்குச் செவிசாயார்.

காத்திருக்கலாகாத நிலைகளையும் சொல்லிவிடுதல் கடன். கக்குவது பச்சை நிறமாயினும், அதில் இரத்தங் கலந்திருப்பினும், பிறந்து சில வாரங்களில் ஒவ்வொருமுறையும் பீறிட்டுத் தெறிப்பினும், காய்ச்சலோ வயிற்று வீக்கமோ உச்சிக்குழிப் புடைப்போ சேரினும், சிறுநீர் குறைந்து பிள்ளை சோர்ந்து கிடப்பினும், அரை ஆண்டு நிறைந்தபின் புதிதாகத் தொடங்கினும் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். அவை எளிய எதுக்களிப்பல்ல.

ஏனைய பிள்ளைகளுக்குக் காலமே வைத்தியன். ஆயின் அக்காலம் மலிவாகக் கிடைப்பதன்று. ஒரு தாயின் உறக்கத்தை விலையாகக் கேட்பது. அவ்விலை முழுவதையும் அவள் ஒருத்தியிடமே அறவிடுவது எவ்வகை நியாயம்? கக்கும் பிள்ளையுள்ள வீட்டுக்குச் செல்லும் அன்பர்கள் ஆலோசனையைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டுச் செல்வார்களாக. அவர்கள் உள்ளே கொண்டு செல்லவேண்டியவை இரண்டு தோளும், துவைத்து உலர்ந்த ஒரு துணியும்.