உறைமேல் முகவரி

2025-ல பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோட சேர்க்கறாங்கன்னு செய்தி வந்தப்போ, எங்க ஆபீஸ் வாட்ஸப் குரூப்ல ஒரே அழுகாச்சி. சிவப்புப் பெட்டி, சைக்கிள் மணின்னு ஆளாளுக்குக் கொசுவத்தி சுத்தினாங்க. நானும் ரெண்டு அழுகை ஸ்மைலி போட்டுட்டு ஆணி புடுங்கப் போயிட்டேன்.

ராத்திரிதான் உறைச்சது. நான் கடைசியா எப்போ லெட்டர் எழுதினேன்? பத்தாவது தமிழ்ப் பரீட்சையில. கட்டம் போட்டு 'உறைமேல் முகவரி'ன்னு எழுதினது. அது எங்கயும் போய்ச் சேரல. மார்க்குதான் வந்துச்சு. ஹி ஹி.

ஆனா எனக்கு லெட்டர் வந்திருக்கு மக்களே. மன்னார்குடிப் பக்கம் எங்க அப்பாயி. எழுதப் படிக்கத் தெரியாது. வருஷா வருஷம் பொங்கலுக்கு என் பேருக்கு ஒரு கவர் வரும். அட்ரஸ் தாத்தா எழுதுவார். மீதி இடமெல்லாம் அப்பாயிக்கு. சிவப்பு மைப் பேனாவுல ஓரம் முழுக்கச் சிக்குக்கோலம், நாலு மூலையிலயும் மஞ்சள். "அட்ரஸ் மேல ஏத்திடாத, போஸ்ட்மேன் திண்டாடுவாரு"ன்னு தாத்தா பக்கத்துல நின்னு காவல் காப்பாராம்.

நம்மூர்ல உறையே பாதி சேதி சொல்லிடும். மஞ்சள் இருந்தா நல்ல காரியம். கருமாதிக் கடுதாசின்னா படிச்ச கையோட கிழிச்சுப் போட்டுருவாங்க, வீட்டுக்குள்ள வச்சுக்க மாட்டாங்க. அப்பாயி விஷயத்துல பாதி இல்ல, முழுச் சேதியும் உறைதான். உள்ள இருந்த வாழ்த்து அட்டையெல்லாம் எங்க போச்சோ, மூணு கவர் மட்டும் இன்னும் என்கிட்ட இருக்கு.

தாத்தா போனதும் கவர் நின்னுடுச்சு. அட்ரஸ் எழுத ஆளில்ல. எங்க யாருக்கும் அது தோணவும் இல்ல, போன்தான் இருக்கேன்னு விட்டுட்டோம். இப்ப அப்பாயிக்குக் காது கேக்கல. "சாப்டியா?"ன்னு நான் கத்த, "ஆங்?"னு அது கேக்க, அத்தை போனை வாங்கிடும்.

தபால் சாகுதேன்னு நாம ஏங்குறதுல எனக்கு நம்பிக்கை போனது இதனாலதான். டென்மார்க்ல 1624-ல ஆரம்பிச்ச தபால் சேவை, 2025 டிசம்பர் 30-ஓட கடிதம் கொடுக்கறதை நிறுத்திடுச்சு. காரணம் எளிமை. யாரும் லெட்டர் போடல. 2000-லிருந்து பார்த்தா 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுபோச்சு. இங்க இன்னும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல தபால் நிலையங்கள் இருக்கு. ஒரு கவர் போடுற செலவு ஒரு டீ விலைகூட ஆகாது. குறைச்சல் நம்ம பக்கம்தான்.

போன மாசம் நானே உக்காந்து புள்ளி வச்சு, கோலம் போட்டு, மூலையில மஞ்சள் தடவி, 614-ல ஆரம்பிக்கிற அந்தப் பின்கோடையும் எழுதிப் பெட்டியில போட்டேன். நாலாம் நாள் அத்தை போன் பண்ணுச்சு. அப்பாயி கோட்டு மேலயே விரலை ஓட்டிப் பார்த்துட்டு, "ஒரு புள்ளி வெளிய நிக்குது, இவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னுச்சாம். அப்புறம் அத்தைகிட்ட சிவப்புப் பேனா கேட்டுச்சாம்.

நேத்து பத்து கவர்ல என் அட்ரஸை எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, மொத்தமா ஊருக்கு அனுப்பியிருக்கேன். ஓரமெல்லாம் காலியா விட்டிருக்கேன்.

உங்க வீட்லயும் இப்படி ஒரு ஆள் இருந்தா, முதல்ல அதைச் செய்ங்க. கொசுவத்தியை அப்புறம் சுத்திக்கலாம்.