பாயசமா, உப்பா?

நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் மார்க்கு குறைந்தால், பையனுடைய கிரிக்கெட் மட்டை பரண்மேல் ஏறிவிடும். பெண் குழந்தையானால், பாட்டு வாத்தியாரை இரண்டு மாதம் வரவேண்டாம் என்று சொல்லியனுப்பி விடுவார்கள். மட்டை பரணில் ஏறியதனால் கணக்கு பையன் தலையில் ஏறிற்றா என்று பிறகு யாரும் விசாரிப்பதில்லை.

தகப்பனார் வாய்மொழியாக நடத்தி வரும் இந்தச் சட்டத்தை அமெரிக்க தேசத்தார் எழுத்திலேயே வடித்திருக்கிறார்கள். டெக்ஸாஸ் மாகாணத்தில், ரோஸ் பெரோ என்னும் கோடீசுவர வியாபாரியின் தலைமையில் ஒரு கமிட்டி பள்ளிக்கூடங்களின் நிலைமையை ஆராய்ந்தது. அதன் பயனாக 1984-ம் வருஷம் கவர்னர் மார்க் வொய்ட் காலத்தில் ஒரு சட்டம் பிறந்தது. நூற்றுக்கு எழுபது மார்க்குக்குக் கீழே ஒரு பாடத்தில் வாங்கினாலும் போதும். ஆறு வாரத்துக்கு அந்த மாணவன் பள்ளியின் சார்பில் பந்தாடக்கூடாது, வாத்தியகோஷ்டியில் வாசிக்கவும் கூடாது. "தேறாதவனுக்கு ஆட்டம் இல்லை" என்பது இதன் சாரம்.

டெக்ஸாஸில் வெள்ளிக்கிழமை இரவுக் கால்பந்து என்றால், நமக்குத் தேர்த் திருவிழா மாதிரி. ஊரே திரண்டு வந்திருக்கும்போது, முக்கியமான ஆட்டக்காரன் அல்ஜீப்ராவின் காரணமாகக் காலரியில் உட்கார்ந்திருந்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? 1986-ம் வருஷத் தேர்தலில் கவர்னர் தோற்றார். இந்தச் சட்டமும் அதற்கு ஒரு காரணம் என்று பலர் பேசிக் கொண்டார்கள். ஆனால் சட்டம் மட்டும் தோற்கவில்லை, இன்றும் இருக்கிறது.

இது வெறும் கொடுமை என்று வாசகர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். அதற்கு ஒரு நியாயமும் உண்டு. 1989-ம் வருஷத்தில் டெக்ஸ்டர் மான்லி என்னும் பிரபல கால்பந்து வீரர் அமெரிக்க ஸெனட் கமிட்டியின் முன் தோன்றி, தாம் எழுதப் படிக்கத் தெரியாமலேயே பள்ளிப் படிப்பையும் கடந்து, சர்வகலாசாலையிலும் நான்கு வருஷம் இருந்துவிட்டு வந்ததாகக் கண்ணீருடன் சொன்னார். அவருடைய தோள்பலம் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. அவருக்கு அட்சரம் தெரியுமா என்பதைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை. இப்படிப்பட்ட அநியாயத்தைத் தடுக்க ஒரு வேலி வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றுதான் சொல்வேன்.

இந்த வேலி அமெரிக்காவோடு நிற்கவில்லை. ஜினீவா நகரில் சர்வதேச சங்கத்து உத்தியோகஸ்தர்களின் குழந்தைகளுக்காக 1924-ல் ஒரு சர்வதேசப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. அதன் பிறகு அந்த ஜாதிப் பள்ளிகள் உலகமெங்கும் பெருகிவிட்டன. நமது கொடைக்கானலிலேயே, 1901-ல் அமெரிக்க மிஷனரிமார்களின் குழந்தைகளுக்கென்று தோன்றிய பள்ளிக்கூடம் பின்னால் சர்வதேசப் பள்ளியாக மாறியிருக்கிறது. இவற்றில் அமெரிக்க முறையைத் தழுவிய பல பள்ளிகளில் தகுதி விதியும் கூடவே வந்து குடியேறியிருக்கிறது. உபாத்தியாயர்கள் குறித்த காலத்துக்கொரு முறை ஜாபிதா தயாரிக்கிறார்கள். அதில் பெயர் விழுந்த பிள்ளைக்கு அடுத்த போட்டியில் இடம் கிடையாது.

இங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது. சர்வதேசப் பள்ளியில் படிக்கும் பிள்ளை யார்? தகப்பனாருக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கொரு முறை மாற்றல். நேற்று ஸியோல், இன்று பாங்காக், நாளை நைரோபி. புதுப் பள்ளியில் சரித்திரப் பாடம் இங்கிலீஷில் நடக்கிறது. பையனுக்குச் சரித்திரம் தெரியும், இங்கிலீஷ்தான் தெரியாது. வகுப்பில் ஊமையாக உட்கார்ந்திருக்கும் அவனுக்கு மாலையில் மைதானத்தில் மாத்திரம் வாய் திறக்கிறது. பந்துக்குப் பாஷை இல்லை அல்லவா? அவன் முதல் சிநேகிதனைச் சம்பாதிப்பதும், முதல் இங்கிலீஷ் வார்த்தையைக் கூச்சமின்றிச் சொல்வதும் அங்கேதான். சரித்திரத்தில் மார்க்கு குறைந்தது என்று அந்த மைதானத்தின் கதவைச் சாத்தினால், அவனுடைய விளையாட்டை மட்டுமா நிறுத்துகிறோம்? அவன் பாஷை கற்றுக் கொண்டிருந்த பள்ளிக்கூடத்தையே அல்லவா மூடிவிடுகிறோம்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1968-ல் ஜினீவாவில் அமைந்த சர்வதேசப் பட்டப் பரீட்சை ஸ்தாபனத்தின் திட்டத்தை இப்பள்ளிகளில் அநேகம் பின்பற்றுகின்றன. கொடைக்கானல் பள்ளி 1976-ல் இந்தியாவிலேயே முதன் முதலாக அதை மேற்கொண்டது. அந்தத் திட்டத்தின்படி பாடங்களுடன் கூட, கலைப் படைப்பு, உடல் முயற்சி, தொண்டு ஆகிய மூன்றிலும் பதினெட்டு மாத காலம் ஈடுபட்டாக வேண்டும். அதற்கு மார்க்கு கிடையாது. ஆனால் அதைப் பூர்த்தி செய்யாதவனுக்கு, மற்றப் பாடங்களில் எவ்வளவு மார்க்கு வாங்கியிருந்தாலும், பட்டமும் கிடையாது!

ஆக, ஒரே கட்டடத்தில் இரண்டு சித்தாந்தங்கள் வாசம் செய்கின்றன. ஒன்று, விளையாட்டைப் பாயசம் என்கிறது: சாதத்தைச் சாப்பிட்டு முடித்தால்தான் கிடைக்கும். மற்றொன்று, அதை உப்பு என்கிறது: அது இல்லாவிட்டால் சாதமே இறங்காது. "விளையாடாதவனுக்குப் பட்டம் இல்லை" என்று ஒரு வாத்தியாரும், "படிக்காதவனுக்கு விளையாட்டு இல்லை" என்று இன்னொரு வாத்தியாரும் சொன்னால், நடுவில் நிற்கும் பையன் என்ன செய்வான்? பந்தாட்டக் குழுவில் சேராமலே மலையேறியோ, நடனம் பயின்றோ உடல் முயற்சியை முடித்துக் கொள்ளலாம் என்பது வாஸ்தவம். ஆயினும் குழுவில் ஒருவனாக நின்று பழகியவனுக்கு அது ஈடாகுமா?

உப்புக் கட்சிக்கு ஆதிபுருஷர்களில் ஒருவர் என்று கர்ட் ஹான் என்னும் ஜெர்மானிய ஆசிரியரைச் சொல்லலாம். 1920-ல் ஸாலெம் என்னுமிடத்தில் (நம் சேலம் அல்ல!) பள்ளி தொடங்கியவர். ஹிட்லரை எதிர்த்துப் பேசியதற்காக 1933-ல் சிறை புகுந்து, பிறகு பிரிட்டனுக்கு வந்து, 1934-ல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியை நிறுவினார். ஓடுவதும், கடலில் படகு செலுத்துவதும், ஆபத்தில் சிக்கியவர்களை மீட்பதும் அவருடைய முறையில் படிப்புக்குப் பிந்திய பரிசு அல்ல, அவையே படிப்பு.

எந்தக் கட்சி சரி? டெக்ஸாஸே பாதி விடை சொல்லியிருக்கிறது. 1995-ல் அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். ஆறு வாரத் தடை மூன்று வாரமாகக் குறைந்தது. தடைக் காலத்திலும் மாணவன் தன் குழுவுடன் சேர்ந்து பயிற்சி செய்யலாம். போட்டியில்தான் கலந்து கொள்ளக்கூடாது. கடினமான உயர்தரப் பாடங்களுக்கு இந்தத் தடையிலிருந்து விலக்கும் உண்டு. இல்லாவிட்டால் ஆட்ட ஆசையுள்ள கெட்டிக்காரப் பையன்கள் எல்லாரும் சுலபமான பாடமாகப் பார்த்து ஓடிவிட மாட்டார்களா?

சர்வதேசப் பள்ளிகள் இதற்கு மேலும் இரண்டொரு படி போகலாம். பாஷை புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு முதல் வருஷத்தில் மார்க்கைப் பார்க்காமல், பாடத்தை ஒழுங்காக எழுதிக் கொடுத்தானா, உபாத்தியாயரிடம் போய்ச் சந்தேகம் கேட்டானா என்று பார்க்க வேண்டும். ஜாபிதாவில் பெயரை எழுதுகிற உபாத்தியாயரே, அந்தப் பெயரை அடிப்பதற்கு எந்த நாளில், எந்த மணிக்கு வந்தால் பாடம் சொல்லிக் கொடுப்பார் என்பதையும் எதிரில் எழுதட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கோப்பைப் போட்டி நெருங்கும்போது விதி வளையக் கூடாது. பதினொன்றாவது ஆளாக நிற்கும் சாதாரணப் பையனுக்கு ஒரு சட்டம், கோல் போடும் சூரனுக்கு ஒரு சட்டம் என்று இருந்தால், அந்தச் சூரனையே நாளைக்கு டெக்ஸ்டர் மான்லியாக ஆக்கிவிடுவோம்.

இவ்வளவும் தூரதேசத்து விவகாரம் என்று பெற்றோர்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட வேண்டாம். அடுத்த பரீட்சை முடிவு வந்து, மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பரணைப் பார்க்கும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்த மட்டைக்குச் செலவான சாயங்கால நேரத்தில் இனிமேல் யார், எந்தக் கணக்கை, எப்படிச் சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் கிடைக்காவிட்டால், மட்டை பையனிடமே இருக்கட்டும்.