ஈரெழுத்தின் விலை

நாட்டுக் குறியீடு வெறும் தொழில்நுட்ப விடயம். அதில் அரசியலைத் தேடுவது வீண்வேலை என்பர் சிலர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

இணைய முகவரியின் இறுதியில் நிற்கும் ஈரெழுத்து, அது எந்நாட்டின் பெயரிற் பதிவானது என்பதைக் குறிக்கும். நமக்கு 'எல்.கே.' என்பதுபோல ஒவ்வொரு நாட்டிற்கும் ஒன்று உண்டு. எது நாடு, எது நாடன்று எனத் தீர்மானிக்கும் பொறுப்பை இணையத்தை வகுத்தோர் ஏற்கவில்லை. சர்வதேச நியமங்கள் நிறுவனம் 1974இல் முதன்முதலாக வெளியிட்ட குறியீட்டுப் பட்டியலையே அடிப்படையாகக் கொண்டனர். இதுவே நடுநிலையாம்! நோர்வேக்குரிய, மனிதர் குடியிராத பூவே தீவுக்கும் அப்பட்டியலில் இடமுண்டு. மண்ணுக்குக் குறியீடு உண்டு. மக்கள் உளரா என்ற கேள்வி அங்கில்லை.

இந்நடுநிலையின் இலட்சணத்தை 'ஐ.ஓ.' என்னும் குறியீட்டிற் காணலாம். 1965இல், மொரீசியசுக்குச் சுதந்திரம் வழங்குமுன்னரே, சாகோஸ் தீவுகளை அதனின்றும் பிரித்தெடுத்து 'பிரித்தானிய இந்துசமுத்திரப் பிரதேசம்' எனப் பெயர்சூட்டியது பிரித்தானிய ஏகாதிபத்தியம். டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக, 1968 முதல் 1973 வரையில் அங்கு வாழ்ந்த மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். தென்னந்தோட்டங்களில் உழைத்த ஆபிரிக்க அடிமைகளினதும் இந்தியக் கூலிகளினதும் வழித்தோன்றல்கள் அவர்கள்.

மக்கள் போயினர், குறியீடு எஞ்சியது. 1997இல் அது இணையத்திற் பயன்பாட்டுக்கு வந்தது. உள்ளீடு, வெளியீடு என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களாகவும் அது அமைந்தமையால், கணினிக் கொம்பனிகள் அதனை விரும்பி வாங்கின. விற்பனைப் பொருளாகிவிட்ட இக்குறியீட்டின் வருவாயிற் பங்கு கோரி, 2021இல் சாகோஸ் மக்களின் அமைப்பொன்று முறையிட்டது.

தீவுகளைப் பிரித்தெடுத்தமை சட்டவிரோதம் எனச் சர்வதேச நீதிமன்றம் 2019இல் அபிப்பிராயம் தெரிவித்தது. அவற்றை மொரீசியசிடம் ஒப்படைக்கப்போவதாகப் பிரித்தானியா 2024இல் அறிவித்ததும் வர்த்தக உலகிற் கவலை எழுந்தது: யூகோசிலாவியாவின் 'வை.யூ.' 2010இல் நீக்கப்பட்டதுபோல 'ஐ.ஓ.'வும் மறைந்துவிடுமோ? முகவரிகளுக்காக உருகிய இவ்வுள்ளங்கள் வீடிழந்தோருக்காக உருகினவா? 2025 மே 22இற் கைச்சாத்தான உடன்படிக்கை படைத்தளத்திற்கு 99 ஆண்டுக் குத்தகையை உறுதிசெய்தது. டியேகோ கார்சியாவில் மீளக்குடியேறும் உரிமையை அம்மக்களுக்கு அது அளிக்கவில்லை.

நாம் கேட்பது இதுவே: அக்குறியீடு நிலைக்கும்வரை அதன் வருவாய் அம்மக்களைச் சேரவேண்டும், அதனை நீக்குவதாயின் அவர்களைக் கேட்டே நீக்கவேண்டும். மாணவருக்குக் கணினி கற்பிக்கும் நாம், அவ்வீரெழுத்தின் வரலாற்றையும் சேர்த்தே கற்பிப்போம்.